ஞானஸ்நானத்துக்குப் பின் முப்பத்தொன்பது ஆண்டுகள்: பண்டித ரமாபாய்

இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரிலிருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தின் சகோதரி ஜெரால்டின், தம்மைவிட இளையவரான ஒரு மராத்திய விதவையோடு பல்லாண்டுகள் கடிதப் போர் நடத்தினார். அந்த விதவை அவரை 'ஆஜிபாய்', அதாவது பாட்டி, என்று உரிமையோடு விளித்தார். விளிப்பில் இருந்த குழைவு வாதத்தில் இல்லை. குருமார் சொல்வதை எல்லாம் கடவுளே சொன்னதாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜெரால்டின் வற்புறுத்தியபோது, இந்தியப் புரோகித வர்க்கத்தின் நுகத்தைப் பெரும்பாடுபட்டு இப்போதுதான் கழற்றி எறிந்திருப்பதாகவும், அதைப் போன்ற மற்றொரு நுகத்தைக் கழுத்தில் ஏற்றிக்கொள்ள ஆயத்தமாக இல்லை என்றும் 1885இல் அவர் பதில் எழுதினார். அந்த விதவைதான் பண்டித ரமாபாய் சரஸ்வதி. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஞானஸ்நானம் பெற்று ஈராண்டுகள்கூட முழுமையாக நிறைவடையவில்லை.

இக்கடிதங்களைத் தொகுத்துக் காத்து வைத்தவர் ஜெரால்டின்தான் என்பது வரலாற்றின் இனிய முரண்களுள் ஒன்று. தம் மாணவி கீழ்ப்படியாதவள் என்று நெடுநாள் வருந்திய ஒருவர், அந்தக் கீழ்ப்படியாமையின் சான்றுகளை ஒரு வரியும் சிதையாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றார். 1977இல் ஏ. பி. ஷா அவற்றைப் பதிப்பித்த பின்னரே ரமாபாயின் விசுவாச வாழ்க்கை எத்தனை கேள்விகளின் ஊடே வளர்ந்தது என்பது ஆய்வுலகுக்குத் தெரிய வந்தது. அதற்கு முன் வழங்கிய வரலாறுகள் இருவகைப்பட்டவை. திருச்சபை நூல்களில் அவர் இருளினின்று ஒளிக்கு ஒரே எட்டில் வந்து சேர்ந்த புண்ணியவதி. மராத்திய தேசிய வரலாற்றிலோ, புணே நகரின் நம்பிக்கையைப் பெற்றுப் பின் அதனைக் கைவிட்டவர். பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டவர். இரு தரப்பும் ஞானஸ்நான நாளையே அவர் வாழ்வின் முடிவுரையாக எடுத்துக்கொண்டன. அவருடைய சொந்தக் கணக்கில் அது தொடக்கமாகக்கூட இல்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலக் காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வைதிகத்தில் ஊறிய சித்பாவன பிராமணர். ஆயினும் பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற விதியை மட்டும் அவர் ஏற்கவில்லை. மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார், ஊரார் எதிர்த்தனர். பண்டிதர் அவையில் சாத்திரச் சான்று காட்டித் தம் செயலை நிலைநாட்டினார். லட்சுமிபாய் மகளுக்குக் கற்பித்தார். இளமை முடியுமுன்பே பாகவத புராணத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களும் ரமாபாய்க்கு மனப்பாடம். குடும்பத்துக்கு நிலையான வீடு இல்லை. கோயில் கோயிலாகச் சென்று புராணம் வாசித்து, கேட்போர் தரும் காணிக்கையில் வாழ்ந்தனர்.

1870களின் பஞ்சம் அக்குடும்பத்தைச் சென்னை மாகாணத்தில் பிடித்தது. கையிலிருந்ததை எல்லாம் தானம் செய்தும், விரதம் காத்தும், தெய்வங்களை வேண்டியும் பயனில்லை. கடைசி அரிசிமணியும் தீர்ந்த பின் திருப்பதிக் காட்டில் பதினொரு நாட்கள் தண்ணீரும் இலையும் காட்டு ஈச்சம்பழமும் உண்டு கிடந்தனர். தந்தை இறந்தார், சில மாதங்களில் தாயும் இறந்தார், பின் மூத்த சகோதரியும் இறந்தார். எஞ்சிய அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும் நாட்டின் குறுக்கும் நெடுக்குமாக நாலாயிரம் மைலுக்கு மேல் நடந்தனர் என்று பின்னாளில் ரமாபாயே எழுதினார். இந்தப் பசி அவர் வாழ்க்கையில் இரண்டு முறை பேசும். முதன்முறை அது பழைய நம்பிக்கையை உடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து மறுமுறை பேசியபோது புதிய நம்பிக்கைக்குக் கைகால் முளைத்தது.

1878இல் அண்ணனும் தங்கையும் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர் அவை ரமாபாயின் சமஸ்கிருதப் புலமையைச் சோதித்து 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டமளித்தது. இருபது வயதுப் பெண்ணொருத்தி பெற்ற பட்டங்கள் நாடெங்கும் செய்தியாயின. அதே நகரில் கேசவ சந்திர சென் வேதம் படித்ததுண்டா என்று கேட்டபோது, பெண்ணுக்கு அதற்குத் தகுதியில்லை என்பதே அவருடைய விடையாக இருந்தது. சென் வேத நூலின் ஒரு படியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தார். தர்ம சாத்திரங்களையும் படித்தார். எந்தச் சாதியாக இருப்பினும் பெண்ணுக்கும் சூத்திரருக்கும் மோட்சத்தின் கதவு நேராகத் திறப்பதில்லை என்பதில் மட்டும் நூல்கள் அனைத்தும் ஒன்றுபடக் கண்டதாகப் பின்னர் எழுதினார்.

1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் சாதி கடந்து, விபின் பிகாரி தாஸ் மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரை மணந்தார். அசாமின் சில்சாரில் கணவரின் புத்தக அலமாரியில் லூக்கா சுவிசேஷத்தின் வங்காள மொழிபெயர்ப்பு ஒன்று ரமாபாய் கையில் அகப்பட்டது. அவ்வூர் பாப்டிஸ்டு மிஷனரி ஒருவர் வந்து ஆதியாகமத்தை விளக்கினார். மனைவி கிறிஸ்தவராவதைக் கணவர் விரும்பவில்லை. அத்துடன் அப்பேச்சு நின்றது. 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. மகள் மனோரமாவுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

புணே அவரைக் கொண்டாடி வரவேற்றது. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் சீர்திருத்த வட்டம் ஆதரவளித்தது. 'ஆரிய மகிளா சமாஜம்' தோன்றியது. ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் தேவை என்று ரமாபாய் சாட்சியமளித்தார். 'ஸ்த்ரீ தர்ம நீதி' என்ற மராத்தி நூலை எழுதி, அதன் வருவாயைக் கொண்டு மருத்துவம் கற்கும் நோக்குடன் 1883இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மதம் மாறுவதற்காகப் போகவில்லை என்று புறப்படுமுன் நண்பர்களுக்கு உறுதியும் அளித்திருந்தார்.

அந்த உறுதி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணம் இறையியல் வாதம் எதுவுமில்லை, ஒரு கட்டடம். வாண்டேஜ் சகோதரிகள் இலண்டனை அடுத்த ஃபுல்ஹமில், சமுதாயம் 'கெட்டுப்போனவர்கள்' என்று ஒதுக்கிய பெண்களுக்காக இல்லம் ஒன்று நடத்தினர். ரமாபாயைச் சில நாள் அங்கே அனுப்பினர். ஒருகாலத்தில் தெருவில் நின்ற பெண்கள் அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதைக் கண்டார். இத்தகைய பெண்களை மனிதராகக் கருதி அரவணைக்கும் வழக்கத்தைத் தம் நாட்டில் எங்கும் கண்டதில்லை என்று எழுதினார். சகோதரிகளுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று வினவினார். ஒரு சகோதரி யோவான் சுவிசேஷத்தின் நாலாம் அதிகாரத்தை, கிணற்றடியில் கிறிஸ்து சமாரியப் பெண்ணுடன் உரையாடிய நிகழ்ச்சியை, வாசித்துக் காட்டினார். புலமையால் எந்த அவையையும் வெல்லத்தக்க ஒருவரைக் கிறிஸ்துவிடம் ஈர்த்தது அன்பு செயலாகி நின்ற காட்சி. மூளைக்கு வேண்டிய வாதத்தைப் பின்னர் நேமியா கோரே கடிதங்கள் வழியே தந்தார். காசியில் கற்றுத் தேர்ந்து கிறிஸ்தவரான சித்பாவன பிராமணர் அவர். ரமாபாயின் ஐயங்கள் எங்கே முளைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1883 செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர். அதற்குச் சிறிது முன்னர், உடன் வந்த தோழி ஆனந்திபாய் பகத் மனக்கலக்கமுற்று வாண்டேஜிலேயே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். பக்தி நூல்கள் இச்சாவைப் பெரும்பாலும் கடந்து போய்விடும். கடந்து போகத்தக்கதன்று. அந்நிய நாட்டில், தாய்மொழி பேசிய ஒரே துணையை இழந்து, காது மெல்ல மெல்ல மந்தமாகி மருத்துவக் கனவும் அழிந்த நிலையில், கைக்குழந்தையுடன் நின்ற பெண் எடுத்த முடிவு அது. புணே இதனைத் துரோகம் என்றது. மகாத்மா ஜோதிபா ஃபுலே மட்டும் 1885இல் வெளியிட்ட 'சத்சார்' இதழில் ரமாபாயின் பக்கம் நின்றார்.

ஞானஸ்நானத்துக்குப் பின்தான் வாதம் சூடேறியது. செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் டொரோதியா பீலின் மேற்பார்வையில் ரமாபாய் கற்றார், சமஸ்கிருதமும் கற்பித்தார். ஆண் மாணவர்களுக்கும் அவர் கற்பிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் பேராயர்கள் தடுத்தனர். இந்தியப் பெண்ணின் நற்பெயருக்கு இழுக்காம். ஆயிரம் ஆண்கள் அமர்ந்த அவைகளில் பேசிவிட்டு வந்தவரிடம் இதைச் சொன்னார்கள். ரமாபாய் முட்டை கலந்த பண்டத்தையும் உண்ண மறுத்தார். அது சாதிச் செருக்கின் எச்சம் என்று ஜெரால்டின் கண்டித்தார். கழுத்துச் சிலுவையில் இலத்தீன் எழுத்துக்குப் பதில் சமஸ்கிருத எழுத்து பொறிக்கப்பட வேண்டும் என்றார், அதுவும் குற்றமாயிற்று. திரித்துவக் கோட்பாடு தமக்கு விளங்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். விளங்காத ஒன்றை மகளுக்குக் கற்பிக்கவும் கூடாது என்றார். கிறிஸ்தவத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கண்டபோது பாபேலில் நிற்பதுபோல் இருந்தது என்பது அவருடைய உவமை.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரும்பிப் போகும் வழி அவருக்கு முற்றும் அடைபட்டிருக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பிராயச்சித்தம் செய்துகொண்டு அடங்கி இருந்திருந்தால், அந்த அளவு புலமைக்குப் புணே எப்படியும் இடம் ஒதுக்கியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. சபையின் அதிகாரத்தோடு சண்டையிட்ட ஒவ்வொரு கடிதத்திலும் கிறிஸ்துவின்மீது கொண்ட பற்றையும் உடன் எழுதினார். மனசாட்சியைக் கடவுள் தமக்குக் கொடுத்திருக்கிறார், அதை இன்னொருவரிடம் ஒப்படைக்கத் தமக்கு உரிமை இல்லை என்பதே அவருடைய நிலைப்பாட்டின் சாரம். கௌரி விஸ்வநாதன் தம் 'அவுட்சைட் தி ஃபோல்ட்' நூலில் மதமாற்றத்தை அதிகாரத்துக்கு எதிரான விமர்சனமாக வாசிப்பதற்கு ரமாபாயை முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டது இதனால்தான். எனினும் அவ்வாசிப்பில் விமர்சனம் நன்றாகத் தெரிகிறது. ஜெபம் சற்று மங்கிவிடுகிறது. ரமாபாய் தம்மை முதலாவதாக ஒரு விமர்சகராகக் கண்டவர் அல்லர்.

1886இல் அமெரிக்கா சென்றார். உறவினரான ஆனந்திபாய் ஜோஷி ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காகச் சென்றவர் ஈராண்டுக்கு மேல் தங்கினார். 1887இல் வெளிவந்த 'தி ஹை காஸ்ட் ஹிந்து வுமன்' என்ற நூல் பெரும் விற்பனை கண்டது. பாஸ்டனில் 'ரமாபாய் சங்கம்' அமைந்தது. விதவைப் பள்ளி ஒன்றைப் பத்தாண்டுகள் தாங்குவதாக வாக்களித்தது. பள்ளி மதச்சார்பற்றதாக இயங்க வேண்டும் என்பது நிபந்தனை. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் 'சாரதா சதன்' திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புணேக்கு மாறியது. முதல் மாணவியருள் ஒருவரான கோதுபாய் என்ற இளம் விதவையையே பின்னர் தோண்டோ கேசவ கார்வே மறுமணம் செய்துகொண்டார். ரானடேயும் ஆர். ஜி. பண்டார்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அவருடைய உள்ளத்தில் மட்டும் ஒரு குறை இருந்தது. 1907இல் எழுதிய 'எ டெஸ்டிமோனி' என்ற தன்வரலாற்றுச் சிறுநூலில் அதனை வெளிப்படையாகச் சொல்கிறார். ஞானஸ்நானத்தின்போது தாம் கண்டடைந்தது கிறிஸ்தவ மதத்தை. அம்மதத்தின் உயிரான கிறிஸ்துவை அப்போது கண்டடையவில்லை என்பது அவர் கூற்றின் பொருள். எட்டாண்டுகள் அப்படியே கழிந்தன. 1891 அளவில், வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலக் குருவானவர் தம் மனமாற்றத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்த பிறகு, கிறிஸ்துவிடம் நிபந்தனையின்றித் தம்மை ஒப்புவித்ததாக எழுதுகிறார். உலகறிந்த ஒரு கிறிஸ்தவர், தம் பெயரைச் சொல்லி மிஷன் இதழ்கள் நிதி திரட்டிய காலத்தில் தமக்கு விசுவாசம் முழுமையாக வாய்த்திருக்கவில்லை என்று அச்சில் ஒப்புக்கொள்வது எளிதன்று. அவருடைய எழுத்துக்களுள் இந்தப் பக்கங்களே நேர்மையில் முதலிடம் பெறத்தக்கவை.

அந்த மாற்றத்தின் விளைவு உடனே தெரிந்தது. அதிகாலையில் அறையில் மகளுடன் ஜெபம் செய்யும் வழக்கம் ரமாபாய்க்கு இருந்தது. கதவைத் தாழிடுவதில்லை. மாணவியர் சிலர் தாமாக வந்து அமர்ந்தனர். வரச் சொல்லவும் இல்லை. போகச் சொல்லவும் இல்லை. செய்தி வெளியே பரவியது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. ஆலோசனைக் குழுவினர் கதவைச் சாத்திக்கொள்ளுமாறு வேண்டினர் என்று சுருக்கிச் சொல்லலாம். மதநடுநிலை என்பது மற்றவரைக் கட்டாயப்படுத்தாமை. தம் வீட்டில் தம் தெய்வத்தை ஒளித்து வைத்தல் ஆகாது என்பது ரமாபாயின் வாதம். 1893 ஆகஸ்டில் ரானடேயும் பண்டார்கரும் விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களைக் குடும்பத்தார் அழைத்துச் சென்றனர்.

இருதரப்பையும் நியாயமாக எடைபோட வேண்டும். ரானடே வட்டத்தார் வெறியர்கள் அல்லர். விதவைக் கல்வி என்ற இளஞ்செடியை மதப்பூசல் பிடுங்கிவிடும் என்று அஞ்சினர். அவ்வச்சம் பொய்க்கவும் இல்லை. இந்துக் குடும்பங்கள் அஞ்சாமல் பெண்களை அனுப்பத்தக்க இல்லமாகக் கார்வே 1896இல் தனியாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. அதே சமயம், கதவைச் சாத்தியிருந்தால் ரமாபாய்க்கு எல்லாம் எஞ்சியிருக்கும்: நகரம், நண்பர்கள், மாணவியர், நற்பெயர். வாண்டேஜில் குருமார் கேட்டதும் இதுவே, புணேயில் சீர்திருத்தவாதிகள் கேட்டதும் இதுவே. மனசாட்சியைச் சற்றே ஒதுக்கி வை, மற்றதெல்லாம் உனக்குண்டு. இரண்டிடத்திலும் கிடைத்த விடையும் ஒன்றே. முன்னது கேள்வி கேட்கும் உரிமைக்காக. பின்னது ஜெபிக்கும் உரிமைக்காக. மாறுபவர் என்று இருபுறமும் பழி சுமந்தவரின் உறுதி இவ்விரு மறுப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் புலப்படும்.

உறுதி மட்டும் இருந்திருந்தால் அது கசப்பாக முடிந்திருக்கக்கூடும். நண்பர்கள் கைவிட்ட பின் தம் நியாயத்தைப் பேசிப் பேசியே வாழ்நாளைக் கழித்தவர் பலர். ரமாபாய் 1895 அளவில் ஏழை யாத்திரிகையாக வேடமிட்டு விருந்தாவனம் சென்றார். அங்கே விதவைகள் படும் பாட்டை நேரில் கண்டு, சிலரை மீட்டு வந்தார். அடுத்த ஆண்டு மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்ற செய்தி வந்தது.

திருப்பதிக் காட்டின் பதினொரு நாட்கள் மீண்டும் பேசியது அப்போதுதான். பஞ்சச் செய்தி கேட்டதும் பழைய பசி நினைவு தம்மை வாட்டியதாக எழுதியிருக்கிறார். கையில் நிதியில்லை, பாஸ்டன் பணம் சாரதா சதனுக்கு உரியது. இருந்தும் புறப்பட்டார். நிவாரண முகாம்களிலும் வழியோரங்களிலும் பெண்களைப் பிடித்து விற்கும் தரகர்கள் திரிந்தனர். ஆதரவற்ற பெண்குழந்தைகளைத் தொகுதி தொகுதியாகப் புணேக்கு அழைத்து வந்தார். அவர்கள் தொகை முந்நூறை எட்டியது. சாரதா சதன் உயர்சாதி விதவைகளுக்காகத் தொடங்கப்பட்ட இல்லம் என்பதை நினைவிற்கொண்டால் இதன் கனம் விளங்கும். பஞ்சப் பெண்களுள் உழுகுடிகள் உண்டு, தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோர் உண்டு. சாதிக்குரிய சமையல், சாதிக்குரிய பந்தி என்ற ஏற்பாடு அதனோடு பொருளற்றுப்போயிற்று. 'உயர்சாதி இந்துப் பெண்' என்று நூலுக்குத் தலைப்பிட்டவர், அத்தலைப்பை வாழ்க்கையில் கடந்தது பஞ்சத்தில்தான்.

1897இல் புணேயில் பிளேக் பரவியது. நகரத்துக்குள் அத்தனை பேரை வைத்திருக்க நகராட்சி இடந்தரவில்லை. புணேயிலிருந்து ஏறக்குறைய முப்பத்துநாலு மைல் தொலைவில், கெட்காவ் என்னும் சிற்றூரில், பழமரத் தோட்டத்தின் வருவாயால் பள்ளியை நடத்தலாம் என்று முன்னரே ரமாபாய் வாங்கியிருந்த நூறு ஏக்கர் அளவிலான நிலம் இருந்தது. அங்கே குடிசைகள் எழுந்தன. பிளேக் மருத்துவமனைகளில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று 'பம்பாய் கார்டியன்' இதழில் அரசாங்கத்தைக் குற்றஞ்சாட்டி எழுதினார், அரசாங்கம் மறுத்தது. வெள்ளை அரசின் செல்லப்பிள்ளை என்று அவரைத் தூற்றியவர்கள் இக்கடிதத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் குடியிருப்புக்கு 'முக்தி' என்று பெயரிட்டார். சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கும் சூத்திரருக்கும் நேராகக் கிட்டாது என்று சாத்திரங்களில் படித்த அதே சொல். 1900இல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஏறக்குறைய 2000 பேர் வாழ்ந்தனர். ஃபுல்ஹமில் கண்ட இல்லத்தின் நினைவில், வஞ்சிக்கப்பட்ட பெண்களுக்காகக் 'கிருபா சதன்' தனியே அமைந்தது. பார்வையற்றோருக்கு மனோரமா பிரெய்லி கற்பித்தார். நெசவு, தையல், எண்ணெய்ச் செக்கு, பால்பண்ணை, தோட்டம், அச்சகம் என வேலைகள் பெருகின. பெண்களே இயந்திரங்களை ஓட்டினர். பெண்களே எழுத்துக் கோத்தனர்.

இரண்டாயிரம் பேருக்கு அன்றாடம் சோறு என்பது சொல்ல எளிது. நிலையான வருவாய் இல்லை. கிணறு வற்றிய ஆண்டுகள் உண்டு. பஞ்சம் தின்ற உடல்கள் வந்து சேர்ந்த பின்னும் பல பிழைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நன்றியுடையோராகவும் இல்லை. பசியால் திருடவும் கடிக்கவும் பழகிய குழந்தைகள் அவர்கள். ஒரு நாள் இரக்கம் கொள்ளுதல் யார்க்கும் கூடும். அதே குழந்தைகளுக்குப் பேன் பார்த்து, புண் கழுவி, எழுத்தறிவித்து, தொழில் பழக்கி இருபதாண்டு உடனிருத்தல் வேறு. செவி ஏறக்குறைய முற்றிலும் பழுதான நிலையில், சமஸ்கிருத அவைகள் மறந்துபோன ஒரு பெண்மணி தக்காணத்து வறண்ட மண்ணில் அதைச் செய்தார்.

1905 ஜூன் இறுதியில் முக்தியில் எழுப்புதல் உண்டாயிற்று. அவ்வாண்டின் தொடக்கம் முதல் சிறு ஜெபக்குழுவாகக் கூடிய பெண்கள் ஐந்நூறுக்கும் மேலாகப் பெருகியிருந்தனர். அழுகை, பாவ அறிக்கை, அன்னிய பாஷை என அது உலகெங்கும் பேசப்பட்டது. பெந்தெகொஸ்தே இயக்க வரலாற்றில் முக்திக்கு இன்றும் தனியிடம் உண்டு. அதைப் பற்றிய நூல்கள் ஏராளம் என்பதால் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும்: ரமாபாய் உணர்ச்சிப் பெருக்கைத் தடுக்கவும் இல்லை, அதனையே ஆவிக்குரிய வாழ்வின் அளவுகோலாக்கவும் இல்லை. ஜெபம் முடிந்த பெண்கள் செக்கடிக்கும் தறிக்கும் திரும்பினர்; சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று ஊழியமும் செய்தனர்.

இறுதிக் காலத்தின் பெரும்பணி வேதாகம மொழிபெயர்ப்பு. புழக்கத்திலிருந்த மராத்தி வேதாகமம் சமஸ்கிருதச் சொற்கள் மண்டியது. முக்தியின் கிராமத்துப் பெண்களுக்கு விளங்கவில்லை. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்து தாமே பெயர்க்கத் தொடங்கினார். கல்கத்தாவில் எந்தப் புலமைக்காகச் 'சரஸ்வதி' ஆனாரோ, அந்தப் புலமையின் சொற்களை ஒவ்வொன்றாகக் களைவதே வேலையாயிற்று. பழைய தத்துவ வாசம் வீசும் சொல் எது என்பதை அறிய அந்தப் புலமையே உதவியது. இம்மொழிபெயர்ப்பின் நடை கரடுமுரடானது என்பர் அறிஞர். எளிமைக்காக நயத்தை அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்த இடங்கள் உண்டு. பண்டிதைக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

பிற்கால ரமாபாய் சமய நோக்கில் குறுகிப்போனார், பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார் என்பது பெண்ணிய ஆய்வாளர் சிலரின் குறை. 1889 காங்கிரஸ் மாநாட்டில் பெண் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்தவர் கெட்காவின் மதிலுக்குள் மறைந்தது உண்மையே. ஆனால் அவரை வெளியேற்றியதில் பொதுவாழ்வுக்கும் பங்குண்டு என்பதை உமா சக்கரவர்த்தியும் மீரா கோசாம்பியும் சான்றுகளோடு நிறுவியிருக்கிறார்கள். அன்றியும், இரண்டாயிரம் பெண்கள் உண்டு உழைத்துப் படித்த இடத்தைப் பொதுவாழ்வுக்குப் புறம்பானது என்று ஒதுக்கும்போது, 'பொது' என்பது யாருடையது என்ற கேள்வியும் எழுகிறது.

1919இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வந்தது. 1921 ஜூலையில் மனோரமா இறந்தார். பணி முழுவதையும் ஏற்று நடத்துவார் என்று எதிர்பார்த்திருந்த ஒரே மகள், வயது நாற்பது. பெற்றோர், சகோதரி, அண்ணன், கணவர் என ஒவ்வொருவராகப் பறிகொடுத்தவருக்கு அதுவே கடைசி இழப்பு. மொழிபெயர்ப்பின் அச்சுப்படித் திருத்தம் அப்போதும் முடிந்திருக்கவில்லை. அதைத் தொடர்ந்தார். முடிக்கும்வரை உயிர் வேண்டும் என்று குறிப்பிட்ட நாட்களைக் கேட்டு ஜெபித்தார், அத்தனை நாட்களே அருளப்பட்டன என்றொரு வரலாறு விசுவாசிகளிடையே வழங்குகிறது. ஆவணங்கள் உறுதிப்படுத்துவது இவ்வளவே: திருத்தம் முடிந்தது; 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் காலமானார்.

முழு வேதாகமம் 1924இல் வெளிவந்தது. முக்தியின் சொந்த அச்சகத்தில் எழுத்துக் கோத்து, தாள் செலுத்தி, அச்சிட்டவர்கள் அங்கேயே வளர்ந்த பெண்கள். அவர்களுள் பலர், எழுத்து என்ற ஒன்றைக் கண்ணாலும் அறியாத குழந்தைகளாகப் பஞ்சத்தின்போது கெட்காவுக்கு வந்து சேர்ந்தவர்கள்.